பூவாத்தாளின் கடைசிப் பேச்சு

“பொஸ்தக அட்டையில எம்பேரு வரோணுமுங்க.”

ஆய்வுக்குச் சேர்ந்த அன்றே மூத்த மாணவி சாய்ப்ரியா லோகப்பிரியாவிடம் சொல்லி வைத்திருந்தாள்: நெறியாளரிடம் லீவு கேள், புத்தகம் கேள், செத்தாலும் பேர் மட்டும் கேட்காதே. பீளமேட்டில் அந்தத் தமிழ்த்துறையின் வழக்கம் அது. மாணவர்கள் பழைய நாடகப் பிரதிகளைத் தேடிப் பிடித்து, வரிக்கு வரி ஒப்பிட்டுக் கொடுப்பார்கள். பதிப்பாசிரியர் என்று நெறியாளர் பேராசிரியர் அருள்குமாரின் பேர் வரும். அதே நாடகத்தைப் பற்றி ஒரு திறனாய்வு எழுதி, பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

லோகப்பிரியா கேட்டதற்கு அருள்குமார் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். “பதிப்புங்கறது குமாஸ்தா வேல அம்மணி. திறனாய்வு எழுது. அதுல உம்பேருதான்.”

“குமாஸ்தா வேலைக்கு நீங்க எதுக்குங்க பேரு போட்டுக்கறீங்க?”

அவள் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் ஓட்டுகிறவர். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வாயடக்கம் இல்லாதது அதனால்தான் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் அவள் பேருக்காக மட்டும் வரவில்லை. தாராபுரம் பக்கம் பழைய நடிகர்களின் வீடு வீடாக அலைந்து பூவாத்தாள் நாடகத்தின் மூன்று கையெழுத்துப் பிரதிகள் வாங்கி வந்திருந்தாள். நிலத்துக்காக அண்ணன்மார் வெட்டிப்போட்ட பூவாத்தாள், மூன்றிலும், சாகிற நேரத்தில் வாய் திறக்கிறாள். நான் உழுத காடு உங்களுக்கு ஒரு மணி விளையாது என்கிறாள். முந்தின நாள் அச்சகத்தில் பார்த்த மெய்ப்பில் அந்தப் பேச்சையே காணோம். அடிக்குறிப்பில்கூட இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அருள்குமாருக்குப் புகழ் தேடித் தந்தது ‘பூவாத்தாளின் மௌனம்’ என்ற திறனாய்வு. அவர் அந்தக் காலத்தில் பார்த்தது ஒரே பிரதி. அதில் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கிழிந்த தாளைத்தான் மௌனம் என்று எழுதிவிட்டார்.

அதையும் அவள் கேட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு விலை சொன்னார். அட்டையில் அவள் பேரும் வரட்டும். கடைசிப் பேச்சு மட்டும் வேண்டாம், நடிகர்கள் சேர்த்துக்கொண்டது என்று விட்டுவிடலாம். மௌனத்தைப் பற்றியே அவளும் எழுதினால் இந்த மாதமே கையெழுத்து.

“அவ பேசுனத வெட்டிப்போட்டு, பேசவேயில்லைன்னு நான் எழுதோணுமுங்களா?”

“அவ கதையில வர்றவ கண்ணு. நீ சோறு திங்கறவ.”

அது உண்மைதான். இவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. இவரிடம் சண்டை போட்டவளை இந்த ஊரில் வேறு எவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா வீதி முழுக்க ‘எம்புள்ள டாக்டர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

லோகப்பிரியா எழுந்தாள். பாதி எழுதிய தன் திறனாய்வைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மேசையிலிருந்த மூன்று பிரதிகளையும் அடுக்கி, அதே பையில் போட்டாள்.

“வெளிய போனா மறுபடி வர வேண்டாமுங்க” என்றார் அருள்குமார்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர் ‘ங்க’ போட்டது அதுதான் முதல்முறை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.