அண்ணன் வந்து திறக்கட்டும்

வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டவன் அண்ணன். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்ததும் அவன்தான். தங்கை வரைகிற அனிமேஷன் படங்கள் ஏகத்துக்கு இடத்தை அடைக்கின்றன என்று, பார்ட்டிஷன் என்கிற அந்தப் பிரிவுகளில் பெரியதை அவளுக்கு ஒதுக்கினான். கேட்டவர்கள் எல்லாம் தங்கமான அண்ணன் என்றார்கள்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. தெருவில் யாரோ கொடுத்த பென்டிரைவைச் செருகினால் அந்தக் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் திறந்து காட்டும். உள்ளேயே இருக்கிற அந்தப் பார்ட்டிஷனைத் திறக்க மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டுமே தெரியும். ஆகவே தினமும் காலையில் தங்கை அவன் பின்னால் போய் நிற்க வேண்டும்.

"அண்ணா, கொஞ்சம் திறந்து விடேன்."

"ஷூ மாட்டிட்டு இருக்கேன், தெரியல?"

மாட்டி முடித்து, சீப்பைத் தேடி, தலைவாரி, ஆற அமர வந்து, அவள் பார்க்காதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு தட்டுவான். திறந்ததும் மாலைவரை கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது; அணைத்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பாத்ரூம் போகும்போதுகூட அவளுக்கு அதன்மேல் ஒரு கண் இருக்கும்.

"ஆன் பண்ணதுமே தானா திறக்கற மாதிரி செய்ய முடியாதாண்ணா?"

"அதெல்லாம் பெரிய வேலை. உனக்குப் புரியாது."

அன்று அவளுக்கு வாழ்க்கையே அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருந்தது. வெளியூரில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோ. தங்க இடமும் கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குள் மாதிரிப் படம் அனுப்ப வேண்டும். கூண்டில்லாத ஒரு கிளியை ராத்திரி பகலாக வரைந்திருந்தாள். ஒலி சேர்ப்பது மட்டும் பாக்கி. மதியம் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தால் திரை கறுப்பாக இருந்தது. அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தாள்.

"அண்ணனுக்கு சாயங்காலம் பார்ட்டி இருக்குடி. சட்டை கசங்கிக் கிடக்கு. உன் பொட்டியத் திரும்பப் போட்டா வருது. அதுக்கு ஏன் இப்படி முழிக்கற?"

பெட்டி வந்தது. கிளி வரவில்லை. பாஸ்வேர்டு கேட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பாஸ்வேர்டை மட்டும் சொல்லுண்ணா. வேலை முடிஞ்சதும் நீ மாத்திக்கோ."

"போன்ல எல்லாம் சொல்ல முடியாது."

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்ணா. உன் கால்ல விழறேன்."

போனில் அவன் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவன் குரல் தணிந்து, உடனே தடித்தது. "ஆபீஸ்ல வெச்சு மானத்த வாங்காத. ஆறு மணிக்கு வருவேன். அவங்ககிட்ட ஒரு நாள் டைம் கேளு."

கேட்டாள். மன்னிக்கவும், எல்லோருக்கும் ஒரே நேரம்தான் என்று பதில் வந்தது. மறுபடி அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. அவன் பிறந்த தேதியைத் தட்டிப் பார்த்தாள், பைக் நம்பரைத் தட்டினாள், அவன் சுற்றிச் சுற்றி வந்தும் அவனைக் கழற்றிவிட்டவளின் பெயரைக்கூடத் தட்டினாள். தவறு, தவறு, தவறு. அம்மா காலரைத் திருப்பிப்போட்டுத் தேய்த்துக்கொண்டே, "அவன்தான் வந்து திறக்கறேன்னு சொல்றானே, அதுக்குள்ள என்ன பறக்கற?" என்றாள். தங்கைக்கு அழக்கூட நேரமில்லை. ஐந்தடித்த பிறகுதான் அழுதாள்.

ஆறரைக்கு வந்தான் மகராசன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆபீஸ் பூரா சிரிக்குது. இனிமே இந்தத் தொல்லையே வேணாம், தள்ளு."

உட்கார்ந்தான். ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தான். ஒரே ஒரு வரி தட்டிச் சேமித்தான். ஷூ மாட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். எதுவும் கேட்காமல் பார்ட்டிஷன் திறந்துகொண்டது.

தங்கைக்கு அந்த ஒரு வரியே கண்முன் நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பெரிய வேலைன்னு சொன்னியே."

"அப்பவே பண்ணிக் குடுத்திருந்தா நீ எங்க என்னை மதிக்கப் போற?" என்று சொல்லிச் சிரித்தான். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விஷம்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு. அதுதான் அவளைக் கொன்றது.

அம்மா நம்புவதற்காக மறுபடி அணைத்துப் போட்டுக் காட்டினான். மறுபடியும் திறந்தது. கை தவறி அவன் கிளியின் படத்தை அழுத்தியதில் அது ஓட ஆரம்பித்தது. ஒலியில்லாமல் சிறகடித்தது.

"அட, தானா வருதே!" என்று அம்மா பூரித்துப்போனாள். "நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஒரு நாள் முழுக்க ஆபீஸ்ல உழைச்சிட்டு வந்து உனக்குப் பண்ணிக் குடுத்திருக்கான். மரம் மாதிரி நிக்கறியே, அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லமாட்டியா?"

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பொத்தானைப் போட்டுக்கொண்டே காத்திருந்தான்.

"தேங்க்ஸ்ணா" என்றாள்.