இருபதாவது வாக்கியம்

டுடோரியலில் அவளை எல்லோரும் கிராமர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு ஒரு பயிற்சித்தாள், தாளுக்கு இருபது இங்கிலீஷ் வாக்கியம், வாக்கியத்துக்கு ஒரு கோடிட்ட இடம். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. இத்தனை தாளுக்கும் புதிது புதிதாக வாக்கியம் பிடிக்க யாரால் முடியும்? கண்ணில் பட்டதையும் மனசில் ஓடுவதையும் எடுத்துப் போட்டுவிடுவாள். பால் திரிந்த அன்றைக்குத் தாளிலும் பால் திரியும். மாமியார் வந்து தங்கிய வாரம் தாள் முழுக்க மாமியார். மாணவர்கள் அதைப் படித்தே பாஸாகி வேலைக்குப் போனார்கள். மாமியாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

அதை டைப் அடித்துப் பிரதி எடுத்துக் கொடுப்பது அவள் புருஷன். டுடோரியலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான்.

"எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. கொத்தனார் செங்கல்லைப் படிச்சுப் பாத்துட்டா அடுக்குறான்?" என்று சொல்லி அவனே சிரிப்பான்.

வெளியில் அவனுக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தத் தங்கம்தான் போன மாதம் லேமினேஷன் மிஷினின் சூட்டில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பத்து நாளைக்கு முன் மூத்த மகளின் கையைப் பிடித்து அதே மிஷின் பக்கம் இழுத்தான். அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், இனி இந்த வீட்டில் இருந்தால் பிள்ளைகள் மிஞ்ச மாட்டார்கள் என்று.

வியாழக்கிழமை பதினொரு மணி பஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அக்காவைத் தவிர யார் காதுக்கும் விஷயம் போகவில்லை. பிள்ளைகளிடம்கூட மூச்சு விடவில்லை.

செவ்வாய் சாயங்காலம் தாள் எழுத உட்கார்ந்தாள். இந்த வாரப் பாடம் ஈச், எவ்ரி, ஐதர், நைதர். கூட்டமாக இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லும் சொற்கள். மனசு பஸ் ஸ்டாண்டில் நின்றது. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. பத்தொன்பது வந்துவிட்டது. இருபதாவது வருவதற்குள் வாசலில் ஸ்கூட்டரை உதைத்தபடி அவன் சத்தம் போட்டான். ஒன்று குறைந்தால் குறையட்டும் என்று ஓடிப்போய்க் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை வகுப்பு. பிள்ளைகளை வழக்கம்போல அவன் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போயிருந்தான். டுடோரியல் ஆயா கடையிலிருந்து தாள்கட்டை வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முன் பெஞ்சிலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒரு வாக்கியம், எழுந்து நின்று உரக்கப் படித்து விடை சொல்ல வேண்டும்.

முதல் பையன் எழுந்து இங்கிலீஷில் படித்தான். அர்த்தம் இதுதான்: பெண்கள் இருவரில் ஒவ்வொருத்தியிடமும் ஒரு பை இருக்கிறது.

"ஈச், டீச்சர்."

"வெரி குட்."

நாலாவது பெண் படித்தாள். வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு ஒரு பஸ் உண்டு.

"எவ்ரி, டீச்சர்."

 தான் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்தவன் எழுந்தான். அம்மாவின் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் அவர்கள் உட்காரலாம். ஐதர். அதற்கடுத்தவள். அவர்கள் இருவரில் ஒருத்திக்கும் விஷயம் தெரியாது. நைதர்.

"டீச்சர், இது கதை மாதிரியே போகுதே. அந்தப் பொண்ணுங்க எங்க போறாங்க?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது.

"வாயை மூடிட்டுப் படி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. புருஷனுக்கு அர்த்தம் தெரியாது, அவனுக்கு அர்த்தம் தெரியாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். பத்தொன்பதும் முடிந்தது. நாற்காலியில் உட்காரப் போனாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், இருபதாவதுல கோடே இல்ல. விடையையும் சேத்தே அடிச்சுட்டாங்க."

"இருபதாவதா?"

அந்தப் பெண் படித்தாள். "நைதர் ஆஃப் தி கேர்ள்ஸ் இஸ் அட் ஸ்கூல் டுடே." படித்த கையோடு தமிழிலும் சொன்னாள். "ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி கூட இன்னைக்கு ஸ்கூல்ல இல்ல. சரியா டீச்சர்?"

சரிதான். ஒரு பிழை இல்லை. பன்னிரண்டு வருடம், வாரம் தவறாமல், ஒரு வாக்கியம் விடாமல் அவளிடம் பாடம் படித்தவன் அவள் புருஷன் ஒருத்தன்தான். அது இவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

வராந்தாவுக்கு ஓடி வந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். கிளார்க் அம்மா எடுத்தாள்.

"காலையிலயே அவங்க அப்பா போன் பண்ணி லீவு சொல்லிட்டாரும்மா. குடும்பத்தோட ஊருக்குப் போறீங்களாமே?"

செருப்பை மாட்டக்கூடத் தோன்றவில்லை. இரண்டு தெருவையும் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தாள். பேப்பர் கட்டுகளின் மேல் யூனிஃபார்மோடு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா! அப்பா லீவு போட்டுட்டாரு!" என்று சின்னவள் குதித்தாள். மூத்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வாங்க டீச்சர்," என்றான் அவன், நாற்காலியை விட்டு எழாமல். "நம்ம தாள்ல ஏதாச்சும் தப்பு இருந்துச்சா?"

"பிள்ளைங்கள விட்டுடுங்க. என்னை என்ன வேணா செய்யுங்க."

"உள்ள வா. ஷட்டரை இறக்கிட்டு வா."

எதிர்க்கடையில் தையல்காரர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் கூடுவார்கள். ஆனால் அவர்கள் ஷட்டரைத் தூக்குவதற்குள் உள்ளே என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் கை மூத்தவளின் தோளில் இருந்தது.

குனிந்து உள்ளே போனாள். கையை உயர்த்தி, ஷட்டரைத் தானே இழுத்து இறக்கினாள்.