பத்து வருடம் தரையில்

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் மீனம்மாளுக்குப் பாராட்டுத் தெரிவிக்கும் தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் ஆனந்தராஜ் வாசித்து முடித்ததும் நல்ல கைதட்டல். காந்தி ஜெயந்தி அன்று நடந்த கிராம சபைக் கூட்டம் அது. பள்ளிக்கூட வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள்.

மீனம்மாள் முன்வரிசையில் இருந்தாள். இரண்டு தடவை ஜெயித்துப் பத்து வருடம் ஊரை நடத்தியவள். பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி இப்போது தனி அலுவலர் கையில் இருந்தது. ஆனாலும் ஊருக்கு அவள் இன்னமும் பிரசிடெண்டம்மாதான்.

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஆனந்தராஜ் வழக்கத்துக்குக் கேட்டார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டப் போனவர், பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்ததைப் பார்த்து நின்றார்.

எழுந்தவள் அறிவுமதி. காலனியில் இருக்கும் அழகியின் மகள், திருச்சியில் நர்ஸ் வேலை பார்ப்பவள். அழகி அந்தப் பத்து வருடமும் மூன்றாம் வார்டு மெம்பராக மீனம்மாளோடு இருந்தவள். மகள் ஏதோ இரண்டு நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்று மீனம்மாள் திரும்பி உட்கார்ந்து சிரித்தாள்.

“எனக்கு இதுல சம்மதம் இல்லைங்க,” என்றாள் அறிவுமதி. “எங்கம்மா பத்து வருசம் மெம்பரா இருந்தாங்க. அதுல ஒரு கூட்டத்துல கூட அவங்கள சேர்ல ஒக்கார வைக்கல. மத்த மெம்பருங்க எல்லாம் சேர்ல, எங்கம்மா மட்டும் தரையில. இது சாதி பாத்து நடத்துனதுங்க. இதுக்கு வேற பேரு கெடையாது.”

மீனம்மாளுக்கு முதலில் அந்த வார்த்தைகள் யாரைப் பற்றியவை என்றே விளங்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்ட பிறகுதான் உறைத்தது.

“நானா?” என்றாள். “நானா சாதி பாத்தேன்?”

பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. காலனிக்கு வீட்டுக்கு வீடு குழாய் போட்டது யார், சிமெண்டு ரோடு போட்டது யார், மழையில் கூரை சரிந்தபோது தாசில்தார் ஆபீஸில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தது யார் என்று கேட்டுக்கொண்டே போனாள். அறிவுமதி குறுக்கே பேசவில்லை. அவள் முடிக்கும் வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, “அதெல்லாம் செஞ்சீங்க. நான் கேட்டது சேரைப் பத்திங்க,” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரமாக ஒத்திவைத்தார்கள். யாரோ செல்லில் எடுத்த வீடியோ மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

மீனம்மாள் சாப்பிடவில்லை. கீரனூரில் உரக்கடை வைத்திருக்கும் மகன் அரவிந்த்குமார் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்தான். மானநஷ்ட வழக்குப் போடாமல் விடுவதில்லை என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அவளுக்கு வழக்கில் மனம் போகவில்லை. ஊர்ச் சனம் தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், இதை மட்டும் சொல்ல முடியாது என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைக்கு அவளிடம் காரணமும் இருந்தது. முதல் தடவை ஜெயித்த வருடம் ஒன்றியக் கூட்டத்துக்குப் போனபோது, பெண் தலைவர்களின் கணவன்மார்தான் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்காரரை அனுப்பியிருக்கலாமே என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கதையை அவள் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

சாயங்காலம் நாகராசு போன் செய்தான். அவள் கணவருக்குச் சித்தப்பா மகன், அந்த இரண்டு மன்றத்திலும் ஐந்தாம் வார்டு மெம்பர். அவன் ஆறுதல் சொல்வான் என்றுதான் எடுத்தாள்.

“மதினி, நீங்க எதுக்கும் கலங்காதீங்க,” என்றான் அவன். “ஒங்க காலத்துலதான் யார் யார எங்கன வைக்கணுமோ அங்கன வச்சிருந்தீங்க. அதுக்காகத்தான நம்ம தெருவே ஒங்களுக்கு ஓட்டுப் போட்டுச்சு.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது சின்னதாகக் கேட்டது. அப்படியே அணைத்து வைத்தாள். அறிவுமதி சொன்னபோது கோபம் வந்தது. இவன் மெச்சியபோது பயம் வந்தது.

மறுநாள் காலையில் மருமகள் ரம்யா பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். வக்கீலிடம் ஆதாரமாகக் கொடுக்க வேண்டும் என்று அரவிந்த்குமார் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு மன்றக் கூட்டத்தையும் ஆனந்தராஜ் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மீனம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் அமர்ந்தாள். அழகி எல்லாக் கூட்டத்துக்கும் வந்தவள், ஒரு படத்திலாவது நாற்காலியில் இருக்காமல் போவாளா என்பதுதான் அவள் எண்ணம்.

முதல் படத்தில் அழகி கதவு நிலையை ஒட்டித் தரையில் இருந்தாள். இரண்டாவதில் பீரோவுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. ரம்யா படங்களைத் தள்ளத் தள்ள அழகியின் புடவை மாறியது, தலை நரைத்தது. தரை மாறவில்லை.

ஒரு படத்தில் ரம்யாவின் கை தானாக நின்றது. மீனம்மாள் மேசைக்குப் பின்னால் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஒரு நீல நாற்காலியில் ஆள் இல்லை. அதன்மேல் அவளுடைய கைப்பை இருந்தது. நாற்காலியின் காலை ஒட்டித் தரையில் அழகி உட்கார்ந்திருந்தாள்.

“இத வக்கீல்கிட்டக் குடுக்க வேணாம் அத்தே,” என்றாள் ரம்யா மெதுவாக.

மீனம்மாள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் பையை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எந்தக் கடையில் வாங்கியது, வார் எப்போது அறுந்தது என்பது வரைக்கும் தெரிந்தது. அழகி கீழே இருந்தது நினைவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை.

பதினோரு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் காலனிக்கு நடந்தாள். குழாய் பார்க்க, ரோடு பார்க்க, ஓட்டுக் கேட்க என்று அந்தத் தெருவுக்கு நூறு தடவை வந்திருப்பாள். ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை என்பது அழகியின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

அழகி பதறவில்லை. உள்ளே வரச் சொல்லி, கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கி இடம் கொடுத்தாள். தானும் அதே கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மகள் அதிகாலை பஸ்ஸிலேயே டூட்டிக்குப் போய்விட்டதாகச் சொன்னாள்.

“ஒம் மக சொன்னது...” என்று தொடங்கிய மீனம்மாளுக்கு அதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

“பொய் இல்லைங்க,” என்றாள் அழகி.

“நான் ஒன்னய எப்பவாச்சும் கீழ ஒக்காருன்னு சொல்லியிருக்கேனா?”

“மொதக் கூட்டத்துல சேர்லதான் ஒக்காந்தேன். நாகராசு லேட்டா வந்தாரு, வாசல்லயே நின்னாரு. நீங்க என்னப் பாத்து, அழகி, அந்தச் சேர செத்த அங்கிட்டுப் போடுன்னீங்க. எந்திரிச்சு அவருக்குப் போட்டேன். அதுக்கப்பறம் என்னய ஒக்காருன்னு யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல.”

“எனக்கு அது ஞாபகமே இல்லையே, அழகி.”

“ஒங்களுக்கு எப்படிங்க இருக்கும்?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் மீனம்மாளைப் போட்டு அழுத்தியது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தனியாக வந்தாவது சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்டாள்.

“சண்ட போட்டா எங்க தெருவுக்குப் பைப்பு வந்திருக்குமா?” என்றாள் அழகி. “ஒவ்வொரு கூட்டத்துலயும் கீழ ஒக்காரும்போது அதத்தான் நெனச்சுக்குவேன். இன்னிக்கு ரோடு, நாளைக்கு லைட்டுன்னு. எல்லாம் வாங்கிட்டேன்ல.”

காலனிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது தான்தான் என்று நேற்றுக் கூட்டத்தில் கத்தியதை மீனம்மாள் நினைத்துப் பார்த்தாள். அழகி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முழுச் சொம்பையும் குடித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, அதை மகளிடம் பேசிக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது என்று அழகி எழுந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி, வழக்கெல்லாம் வேண்டாம் என்று மகனிடம் சொன்னாள். அவன் காரணம் கேட்டான். அந்தப் பெண் சொன்னது நிஜம் என்றாள். உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

நவம்பர் ஒன்றாம் தேதி உள்ளாட்சி தினத்துக்கு மறுபடி கிராம சபை கூடியது. ஆனந்தராஜ் பாராட்டுத் தீர்மானத்தை எடுப்பதற்கு முன்பே மீனம்மாள் எழுந்து மைக்கை வாங்கினாள். நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

“போன கூட்டத்துல அறிவுமதி சொன்னது உண்மை,” என்றாள். “அழகிய நான் பத்து வருசம் தரையில ஒக்கார வச்சேன். ஞாபகமில்லைன்னு சொன்னா அது ஒரு சாக்கு. இந்தத் தீர்மானம் எனக்கு வேணாம். இப்ப நான் சொன்னத அப்படியே மினிட் புக்குல எழுதுங்க, ஆனந்தராஜ்.”

அப்படியெல்லாம் எழுத இடமிருக்கிறதா என்று ஆனந்தராஜ் தனி அலுவலரைப் பார்த்தார். அவர் எழுதச் சொல்லிக் கையைக் காட்டினார். நாகராசு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் பெரிய தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். மீதிப் பேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அறிவுமதி அவளிடம் வந்தாள். மீனம்மாள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அந்தப் பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

“நன்றின்னு சொல்ல மாட்டேங்க. சொல்ல வேண்டியதத்தான் சொன்னீங்க,” என்றாள். “அம்மா இன்னைக்கு வரமாட்டேன்னு வீட்டுலயே இருந்துட்டாங்க. நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயம்.”

“இன்னுமா பயம்?” என்று கேட்டாள் மீனம்மாள்.

அறிவுமதி திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மீனம்மாள் சாமியானாவுக்கு வெளியே வந்தாள். வழக்கமாக அவளோடு வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வரும் பெண்கள் நாலு பேரும் அதற்குள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவள் அவர்களைக் கூப்பிடவில்லை.