பின்சீட்டில் ஒரு பிரசவம்

பிரசவ வார்டு நர்ஸான அவளுக்கு வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்றிருந்தாள். கணவன் விடவில்லை.

"இலையெல்லாம் பழுத்துக் கொட்டுதாம். ஊருக்கு வெளிய ஒரு பண்ணை இருக்காம், அங்க ஆடு, வாத்து, முயல்னு எல்லாம் இருக்கு. பாப்பாவுக்கும் ஒரு மாறுதல்."

பாப்பாவோ பண்ணைக்கு வந்ததும் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். வாத்து முறைக்கிறதாம். கெஞ்சிக் கூத்தாடி இறக்கி, முயல்களிடம் அழைத்துப் போனாள் அம்மா. கணவன் ஆட்டுப்பட்டிக்குள் போய் செல்ஃபி எடுத்தான். திரும்பும்போது பட்டியின் கொக்கியையும் மாட்டவில்லை. காரின் பின்கதவையும் சாத்தவில்லை.

அவர்கள் வந்து பார்த்தபோது, பின்சீட்டில் கிடந்த அவளுடைய புதுக் கோட்டின்மேல் ஒரு கறுப்பு ஆடு படுத்திருந்தது.

"ஏய், இறங்கு!" கணவன் கொம்பைப் பிடித்து இழுத்தான்.

"இழுக்காதீங்க சார்!" பண்ணைக்கார அம்மா ஓடிவந்தாள். அவள் வலது கையில் மாவுக்கட்டு. "வலி எடுத்திருச்சு. இன்னும் நாளிருக்குன்னு நெனச்சேனே!"

"என்ன வலி?"

"ம், தலைவலி!" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

மாட்டு டாக்டர் போனை எடுக்கவில்லை. வெளியே குட்டியின் ஒரே ஒரு குளம்பு மட்டும் தெரிந்தது.

"இன்னொரு கால் மடங்கியிருக்கும்மா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"நீதான் நர்ஸாச்சே," என்றான் கணவன்.

அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"தண்ணி கொண்டாங்க."

குடிக்கிற பாட்டிலை நீட்டினான்.

"தாகம்னு சொன்னேனா? பக்கெட்டு! சோப்பு!"

கழுவிய கையை மெல்ல உள்ளே விட்டாள். பண்ணைக்கார அம்மா சொல்லச் சொல்ல, மடங்கிய காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினாள். அடுத்த வலிக்குக் காத்திருந்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு விழுந்த குட்டியிடம் அசைவே இல்லை. மூக்கைத் துடைத்து, கோட்டாலேயே பரபரவென்று தேய்த்தாள். ஒரு தும்மல். பிறகு 'மே' என்று மெலிசாக ஒரு குரல். எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியவள்தான். ஆனாலும் இந்தக் குட்டியை மடியிலிருந்து இறக்க மனம் வரவில்லை.

"எங்க வீட்ல கைராசி அப்படி!" என்று பண்ணைக்கார அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான் கணவன்.

தாயையும் குட்டியையும் கொட்டகையில் சேர்த்ததும், பாப்பா இப்போது வீட்டுக்கு வரமாட்டேன் என்று தரையில் உருண்டாள். அவளைத் தூக்கி முன்சீட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு, அம்மா கணவனிடம் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன். பாப்பா என் பக்கத்துல உக்காரட்டும்."

"அப்ப நான்?"

ஈரம் சொட்டிய பின்சீட்டைக் கண்ணால் காட்டிவிட்டு, அவள் ஏறி உட்கார்ந்து காரைக் கிளப்பினாள்.