நாலு பேர் தூக்கிய பிஸ்கட்

பஸ் கண்டக்டரம்மாவின் மகளுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோதிலிருந்து, வேர்க்கடலை கலந்த எதை அவளிடம் நீட்டினாலும் அது குறைந்தது ஒரு சிமெண்ட் மூட்டை கனமாவது கனத்தது. முதல் தடவை அப்படிக் கனக்கவில்லை. அன்று பக்கத்து வீட்டார் கொஞ்சலாகக் கொடுத்த மிட்டாயை நக்கிய குழந்தைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்துதான் பிழைத்தாள். வேர்க்கடலை இவளுக்கு ஆகவே ஆகாது, துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று சொன்ன டாக்டர், அவசரத்துக்குத் தொடையில் குத்த, பேனா மாதிரி இரண்டு ஊசிகளைக் கொடுத்து அனுப்பினார். வீடு திரும்பிய மறுநாள், டப்பாவின் அடியில் கிடந்த கடலை பிஸ்கட் ஒன்றை அப்பா ஞாபகமறதியாக எடுத்து நீட்ட, அது அவர் கையை இழுத்துக்கொண்டு இறங்கி, தட்டை உடைத்து, மேஜைப் பலகையைப் பிளந்து, சிமெண்டுத் தரையில் குழி போட்டு உட்கார்ந்தது. குழந்தையை அடுத்த அறைக்குத் தூக்கிப் போனதும் பழையபடி வெறும் பிஸ்கட்டாகிவிட்டது. எறும்புகள் இழுத்துப் போயின.

பெற்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பொய் சொல்கிறவர்களை நம்பவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பேக்கரிக்காரர் இருக்கிற தெய்வத்தின் மேலெல்லாம் சத்தியம் செய்து, "துளி கடலை போடலம்மா, என்னை நம்புங்க" என்று கொடுத்த கேக், பெட்டியோடு அவர் காலில் விழுந்து சுண்டுவிரலை நசுக்கியது. விசாரித்ததில் கடலை போடவில்லை என்பது நிஜம்தான். கடலை கேக் வெட்டிய கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அதாலேயே இதையும் வெட்டியிருந்தார். அவ்வளவு கடலைக்கே அந்தக் கனம். பேக்கரிக்காரர் கட்டுப்போட்ட விரலோடு, குழந்தைக்கு ஏதோ தோஷம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தனியாக ஒரு கத்தி வாங்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்படி ஒரு எச்சரிக்கை கண்ணெதிரே கிடைக்கும்போது ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? கனக்கிறதைக் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற கணக்கு அது. ஊர் என்ன செய்தது தெரியுமா? தூக்கக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் விழுந்து மர மேஜைகள் உடைந்தன என்று இரும்பு மேஜைகள் போட்டார்கள், சாப்பாட்டை மாற்றவில்லை. வகுப்பு டீச்சர் பிறந்தநாள் சாக்லேட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தம் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதற்கு லீவு போட்டார். "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? எல்லாம் அம்மாக்காரி கொடுக்கிற செல்லம்" என்று பேசாத வாய் இல்லை. அந்தக் காலத்திலும் பிள்ளைகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அவர்களுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இவர்கள் கை கழுவிச் சாப்பிடப் போனார்கள். கண்டக்டரம்மா தினமும் பள்ளி வாசலில் நின்று சமையல் ஆளிடம் என்ன எண்ணெய், எந்தக் கரண்டி என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். அதற்கு அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'கடலை போலீஸ்'.

குழந்தைக்கு ஆறு வயதானபோது அவளுடைய பெரியப்பா புது வீடு கட்டி விருந்து வைத்தார். லாரிப் பட்டறை வைத்திருந்த அவர், எஞ்சினையே இறக்கி ஏற்றுகிறவர். தம்பி மகள் விஷயத்தில் ஒரு பிஸ்கட் தன்னை மிரட்டுவதா என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆத்திரம். கூடத்தில் கருங்கல் பதித்து, கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் தரையைப் பாராட்டிவிட்டுத்தான் மனிதர்களை விசாரித்தார்கள். பெரியம்மா, கண்டக்டரம்மாவை மொட்டைமாடி பார்க்கக் கூட்டிப்போன நேரம் பார்த்து, விசிறிக்காக விட்டிருந்த கொக்கியில் பட்டறைச் செயின் கப்பியை மாட்டினார்கள். கடலை பிஸ்கட் ஒன்றைத் தோல்வாரில் கட்டினார்கள். பட்டறைக்காரர், அவர் மச்சினன், மேஸ்திரி, நாலாவது ஆளாகக் குழந்தையின் அப்பா, நாலு பேரும் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். ஆமாம், அப்பாவும்தான். வேலை பார்க்கிற அச்சகத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் பக்கத்தையே திருப்பி அடிக்கிற மனுஷன், அண்ணன் எதிரே வாயைத் திறக்கமாட்டார். நரம்பு புடைக்க, வியர்வை ஒழுக, ஏதோ தேர் நகர்ந்தது போலக் கூடியிருந்தவர்கள் கை தட்ட, பிஸ்கட் இஞ்ச் இஞ்சாக எழும்பிக் குழந்தையின் வாய் உயரத்துக்கு வந்தது.

"அம்மாவைக் கேக்கணும் பெரியப்பா" என்றாள் குழந்தை. அந்தக் கூட்டத்தில் புத்தி இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"பெரியப்பா கையால கொடுத்தா சாப்பிட மாட்டியா? கொஞ்சம்தான்டா கண்ணு. பழகினா எல்லாம் சரியாயிடும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சங்கிலியைப் பார்த்தார். குழந்தை ஓரத்தில் கடித்தாள்.

வாய்க்குள் போன துண்டு கனக்கவில்லை. உள்ளே அதற்கு வேறு வேலை இருந்தது. கை தட்டல் ஓய்வதற்குள் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், உதடு தடித்தது, இருமல் நாய்க்குட்டி குரைப்பது போல வந்தது. தண்ணீர் கொடு, முதுகைத் தட்டு என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்களே தவிர, ஊசி எங்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. மாடிப்படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கிய கண்டக்டரம்மா, எங்கே போனாலும் தோளை விட்டு இறக்காத தோல்பையிலிருந்து ஊசியை எடுத்து, பாவாடைக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் குத்தி, அழுத்திப் பிடித்திருந்து, குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி போகிற வழியில் இரண்டாவது ஊசியும் தேவைப்பட்டது. குழந்தை பிழைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்ததால் பிழைத்தாள், வேறு யாருடைய நல்ல மனசாலும் இல்லை.

சங்கிலியை விட்டுவிட்டதில் மீதி பிஸ்கட் கருங்கல் தரையில் விழுந்து பதிந்தது. குழந்தை போன பிறகும் இந்தத் தடவை அதன் கனம் இறங்கவில்லை. மறுநாள் தரை விரிசல் விட்டது. மாதம் போனதும் சுவர் விரிசல் விட்டது. பட்டறைக்காரர் கிரேன் கொண்டுவந்தார், கிரேனின் கம்பிவடம் அறுந்தது. வருஷத்துக்கு ஒரு முழம் என்று வீடு மண்ணுக்குள் இறங்கியது. அப்பா அதன் பிறகு எந்தச் சங்கிலியையும் தொடவில்லை, சைக்கிள் சங்கிலி உட்பட. கண்டக்டரம்மா அவரோடு பேச ஆரம்பிக்கவே இரண்டு வருஷம் பிடித்தது. பேசிய முதல் வார்த்தை, "ஊசி போடக் கத்துக்கோங்க." கற்றுக்கொண்டார்.

வாசற்படி தெருவுக்குக் கீழே இறங்கிய வருஷம் உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். பெண்ணை ஒரு தடவை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்து, மனசில் ஒன்றும் இல்லை என்று சொல்லவைத்தால் பிஸ்கட் இலேசாகிவிடும் என்று யாரோ குறி சொல்லியிருந்தார்கள்.

"பெரியவங்க ஏதோ தெரியாம செஞ்சிட்டாங்க. வேணும்னேவா செஞ்சாங்க?"

"வேணும்னு செய்யலன்னா கப்பி எதுக்குங்க கட்டுனாங்க?" என்றார் கண்டக்டரம்மா. "கை தவறிக் கொடுத்தாங்கன்னா மன்னிக்கலாம். இது கஷ்டப்பட்டுத் தூக்கிக் கொடுத்தது. எம் பொண்ணு அந்த வாசப்படி மிதிக்கமாட்டா."

வந்தவர்கள் காபி குடிக்காமல் கிளம்பினார்கள். குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பெயர் வந்தது. பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டும்போதுகூட ஜாடை பேசினார்கள். அவர் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்.

இப்போது அந்த வீட்டின் மேல்மாடி மட்டும்தான் வெளியே தெரிகிறது. பால்காரர் ஜன்னலில் குனிந்து பாக்கெட் போடுகிறார். தபால்காரருக்கும் பழகிவிட்டது. பட்டறைக்காரர் ஏணி வைத்து ஏறி இறங்குகிறார், முட்டி வலி என்கிறார். ஊரும் மாறித்தான் போனது. எந்த வீட்டுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும், "கண்ணுக்கு என்ன ஆகாது? பாலா, முட்டையா, கடலையா?" என்று பெற்றவர்களைக் கேட்டு, தட்டைச் சற்றே தூக்கி எடை பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். பேக்கரியில் தனிக் கத்தி, தனித் தட்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஊசி எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. டீச்சர்கள் அதைப் போடக் கற்றிருக்கிறார்கள். ஒரு குழந்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தபோது வராத அக்கறை, ஒரு வீட்டுத் தரை விரிசல் விட்டதும் வந்துவிட்டது. ஊருக்கு இரக்கம் பிறந்துவிட்டதாகப் பஸ்ஸில் ஒருத்தர் பெருமை பேசியபோது கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இரக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் புதுசா தரை போட்டிருக்காங்க" என்று சொல்லி, அவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கல்லூரிக்குப் போகிற மகள் ஏறட்டும் என்று விசில் ஊதாமல் காத்திருந்தார்.