ஞாயிறுகளில் பஸ்ஸில் வந்த குரல்

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் றஞ்சனாவின் குரல் மட்டும் கலகெதரையில் பஸ் ஏறிக் கண்டி மஹய்யாவைக்கு வந்தது. றஞ்சனா வீட்டில் இருந்தாள். முதல் தடவை கொண்டக்டர் எல்லோருக்கும் சொல்வதைப்போல முன்னுக்குப் போகச் சொன்னான். குரல் முன்னுக்குப் போய் நின்றது. மஹய்யாவையில் இறங்கி, செசிலியா ரீச்சர் வீட்டுப் படிகளில் ஏறி, பேச்சியம்மாவுக்கும் பாயிஸாவுக்கும் நடுவில் தன் இடத்தைப் பிடித்துச் சுருதி சேர்ந்தது. ரீச்சர் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மேல்குரல் கொஞ்சம் பிந்துகிறது என்று மட்டும் சொன்னார்.

இளைப்பாறிய சங்கீத ஆசிரியையான செசிலியா, பெண்களை மட்டும் சேர்த்து அந்தக் குழுவை நடத்திவந்தார். பண்ணோடு பாடும் பழைய பதிகங்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் மடங்களில் கன்னியர் பாடிய இலத்தீன் துதிகள், பாயிஸா தன் உம்மாவிடம் கேட்டுப் படித்த முனாஜாத்து என்ற இறைவேண்டல் பாட்டுகள் எல்லாம் ஒரே மேடையில் வந்தன. பாயிஸா கண்டியில் துணிக்கடை வைத்திருந்தாள். பேச்சியம்மா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய கீழ்க்குரலுக்குச் சன்னல் கண்ணாடிகள் அதிரும். றஞ்சனா, கணவர் விவேகானந்தனின் மாற்றலோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவர் அரசாங்க இஞ்சினியர்.

குழுவின் படம் பத்திரிகையில் வந்தபோது விவேகானந்தனின் கந்தோரில் யாரோ சிரித்தார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே பேசினார்.

"இஞ்சினியரின்ரை மனிசி கொழுந்தெடுக்கிறவளோடை நிண்டு வேதக்காரற்றை பாட்டுப் பாடுறதோ? இனி நீர் அங்கை போகவேண்டாம்."

அடுத்த ஞாயிறு றஞ்சனா ரோட்டுப் பக்கத்துச் சன்னலைத் திறந்து, "நீ போ" என்று தன் குரலிடம் மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு பொழுதுபடும்வரை அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கணவர் தேத்தண்ணி கேட்டார், கொண்டுவந்து கொடுத்தாள். செய்தி பார்த்தார், பக்கத்தில் இருந்தாள். வாரத்தில் ஒரு நாள் மனைவிக்குக் குரல் இல்லை என்பது பல மாதங்களாக அவருக்குத் தெரியவேயில்லை.

தெரியவந்தது ஒரு ஞாயிறு நடந்த கச்சேரியன்று. கந்தோரில் எல்லோருக்கும் அழைப்பு வந்திருந்ததால் அவரும் கண்டி மண்டபத்துக்குப் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. இலத்தீன் துதி மேலே ஏறியபோது, இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒருவருமில்லாத இடத்திலிருந்து அந்தக் குரல் எழுந்தது. அவர் எழும்பினார்.

"அது என்ரை மனிசியின்ரை குரல். நிப்பாட்டுங்கோ."

பாட்டு நின்றது. பேச்சியம்மா ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

"உங்க சம்சாரம் வீட்லதானங்க இருக்காங்க? போகக்கூடாதுன்னு நீங்க சொன்னது அவங்களத்தான். அவங்க வரல."

யாருக்கும் காத்திராமல் அந்தக் குரல், அறுந்த இடத்திலிருந்து தனியாகத் தொடங்கியது. பாயிஸா சேர்ந்தாள், பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள். விவேகானந்தன் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டார். அவருக்குத் தெரிந்த எந்தச் சட்டத்தாலும் அதை மறிக்க முடியவில்லை.

அன்று குரல் கலகெதரைக்குத் திரும்பாமல் ரீச்சரோடு மஹய்யாவைக்குப் போயிற்று. ரீச்சர் எவ்வளவு சொல்லியும் முன்னறையை விட்டு அசையவில்லை. றஞ்சனா சன்னலடியில் காத்திருந்து முதலில் பயந்தாள். பிறகு, தான் போகத் துணியாத இடத்துக்கு அதைத் தனியாக அனுப்பிக்கொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. விடிந்ததும் சீலை மாற்றிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டார்; பதில் சொல்ல அவளிடம் குரல் இல்லை, நின்று விளங்கப்படுத்தும் எண்ணமும் இல்லை. அவரும் அதே பஸ்ஸில் ஏறி, பின்சீற்றில் உட்கார்ந்து வந்தார்.

ரீச்சர் வீட்டு முன்னறையில் அவள் வாயைத் திறந்தாள். சின்ன இருமலோடு குரல் உள்ளே போயிற்று. வாசலில் நின்ற விவேகானந்தன், நேற்றைய கதையை விடுவோம், வீட்டுக்கு வாரும் என்றார். சொன்ன தொனியில் முன்பிருந்த அதிகாரம் இல்லை.

"வாறன். ஆனா ஞாயிறெண்டால் நான் இஞ்சதான். இனி இது தனிய வராது, நானும் வருவன். மறிச்சியளெண்டால் ரெண்டு பேரும் திரும்பி வரமாட்டம்."

அவர் படியைப் பார்த்தபடி, ஓம் என்றார். அதற்குப் பிறகு குழு மட்டக்களப்பில் பாடியது, யாழ்ப்பாணத்தில் பாடியது. பள்ளிவாசல் பக்கத்திலிருந்தும் கோயில் சபையிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ஆட்சேபங்கள் வந்தன. ரீச்சர் அவரவருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கினார். கந்தோரில் கேட்டவர்களுக்கு விவேகானந்தன், "ஓம், பாடுறா" என்று சொல்லப் பழகினார்.

போன மழைக்கு மண் சரிந்து மடுல்கெல்லப் பாதை மூடிவிட்டது. இன்னொரு கச்சேரி நாளன்று பேச்சியம்மா தோட்டப் பாடசாலையில் மற்றக் குடும்பங்களோடு அகப்பட்டிருந்தாள். கண்டியில் திரை விலகச் சற்று முன் மண்டபத்தின் பின்கதவு திறந்தது. பேச்சியம்மாவின் கீழ்க்குரல் ஈரத்தோடு உள்ளே வந்தது. மழை எப்படி என்று பாயிஸா கேட்டாள். விடவில்லை என்றது குரல். றஞ்சனா அதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள், ரீச்சர் கையை உயர்த்தினார்.