சசிகலா டீச்சரின் சொத்தைக் கடலை

சசிகலாவுக்கு வந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல. போன வருஷம் தை மாதத்தில், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்ததே, அன்றைக்கு வந்தது. தலைமை ஆசிரியர் மாதவராஜ் தர்மபுரியில் மேடையேறி நிற்கிறார். தோளில் பொன்னாடை, கையில் சான்றிதழ், முகத்தில் முப்பத்திரண்டு பல். மாவட்டத்திலேயே சிறந்த மின்பாடம் தயாரித்தவராம்! அவருக்குப் பின்னால் திரையில் தெரிந்தது உராய்வு பாடம். தொப்பூர் கணவாயில் ஏதோ ஒரு லாரி பிரேக் அடித்துத் தார் ரோட்டில் கருப்பாகத் தேய்த்துவிட்டுப் போன தடம். அந்தப் படத்தின் கீழ் மூலையில் ஒரு செருப்பு நுனி. மஞ்சள் பூ வைத்த லேடீஸ் செருப்பு.

செருப்பு யாருடையது என்று சசிகலாவுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை லீவையும் கெடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியை ஓரங்கட்டி, போகிற லாரிக்காரனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எடுத்த படம் அது. திருடினதுதான் திருடினார், அந்தச் செருப்பையாவது வெட்டி எடுத்திருக்கக் கூடாதா? அதற்கும் சோம்பேறித்தனம்!

மறுநாள் நேராகவே போய்க் கேட்டாள்.

"சார், அது நான் பண்ணின ஸ்லைடுங்க. பேர மாத்திப் போட்டிருக்கீங்க."

மாதவராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஏங்க டீச்சர், ஸ்கூலுக்குத்தானே பேரு வந்துச்சு. உங்க பேரு, எம்பேருன்னு பிரிச்சுப் பாப்பாங்களா? நாமெல்லாம் ஒரே குடும்பங்க."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவள் வெளியே வந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்போதே அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்: இருக்கட்டும் சார். எனக்கும் ஒரு நாள் வரும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற நடுநிலைப் பள்ளி அது. சசிகலா அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் அவளுக்கு ஒரு தலைவலி இருந்தது. போர்டில் படம் ஓட ஆரம்பித்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மணி அடித்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒன்றுக்கும் தெரியாது. டிவி பார்த்த மாதிரிதான். யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரே ஒரு தப்பை வைத்தாள்.

கைப்பிடி வறுத்த கடலையை வாயில் போட்டு மெல்லும்போது ஒரு சொத்தை மாட்டினால் முகம் எப்படிச் சுளிக்கிறது! நிலக்கடலை விளைகிற ஊரில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அந்தத் தப்புக்கு அவர்களே 'சொத்தை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்துக் கத்துகிறவருக்கு ஒரு கடலை மிட்டாய். விடையும் விளக்கமும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், கீழே சசிகலாவின் பெயரோடு. சொத்தை இருக்கிற பாடம் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு கடலை படம். அதைப் பார்த்துவிட்டால் போதும், தூங்குமூஞ்சிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து போர்டைக் கண்ணால் துளைக்கும்.

ஆபீசுக்குக் கொடுக்கிற பிரதியில் மட்டும் சொத்தையும் கிடையாது, கடலையும் கிடையாது. மாதவராஜ் போன வருஷம் கொண்டுபோனது அப்படிப்பட்ட சுத்தமான பிரதியைத்தான். வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்து எத்தனை காலமாயிற்று! சரித்திரம் படித்துவிட்டு வந்த மனுஷன், எட்டு வருஷமாக ஆபீஸ் ரூமை விட்டு நகர்ந்ததில்லை.

இந்த வருஷம் விவகாரம் பெரிதாயிற்று. மாவட்டத்தில் மின்பாடக் குழு ஒன்று அமைக்கிறார்கள். பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். அந்த ஆள் அனுப்புகிற பாடங்கள் அவர் பெயரிலேயே எல்லாப் பள்ளிக்கும் போகும். சசிகலா ஆசையாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். மாதவராஜ் அதை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் பெயரை அனுப்பிவிட்டார். அவர் தேர்வாகிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இவள் மாடு மாதிரி உழைப்பாள், அவர் பெயரைப் போட்டு அனுப்புவார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் இதே கதைதான்.

தேர்வு செய்கிற அம்மா வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. புதன்கிழமை மாதவராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்த கிரகணம் பாடம் ரெடி பண்ணிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அதக் கொஞ்சம் குடுங்க. ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கெழம நானே எடுத்துக் காட்டறேன்."

"ஆபீசுக்குத் தனியா ஒண்ணு பண்ணித் தரட்டுங்களா சார்?"

"அதெல்லாம் வேண்டாங்க! புள்ளைங்களுக்கு எதப் போடறீங்களோ அதையே குடுங்க. எதையும் மாத்தாதீங்க. வர்ற அம்மாவுக்கு எல்லாம் இயல்பா இருக்கணும்."

சசிகலா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று தோன்றியதா? தோன்றியது. மஞ்சள் பூ வைத்த செருப்பு ஞாபகம் வந்தது. தோன்றியது போய்விட்டது.

"சரிங்க சார். எதையும் மாத்தல," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பிரதியை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கடைசிப் பக்கம் உட்பட. அவர் ஒரே ஒரு தடவை முழுசாகப் படித்துப் பார்த்தால் தப்பித்துக்கொள்வார். படிப்பாரா? அதை அவருடைய யோக்கியதைக்கே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷன் முனிராஜிடம் சொன்னபோது அவன் பயந்தான். "எதுக்கு வம்பு? அவுரு தலைமை ஆசிரியரு. நாளைக்கி ஒன்னைய எங்கயாச்சும் தூக்கி அடிச்சுட்டா?"

"அடிக்கட்டும். சித்தேரி மலைக்கே அடிக்கட்டும். அங்கயும் போர்டு இருக்குது, புள்ளைங்க இருக்குது," என்றாள். அன்றைக்கு ராகிக் களியை இரண்டு உருண்டையாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பானுமதி அம்மா வந்தார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறவர், அதிகம் பேசாதவர். ஏழாம் வகுப்பில் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரோரம் சசிகலா நின்றாள். மாதவராஜ் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு போர்டுக்கு முன்னால் வந்தார். காலையிலேயே பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தார்: ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

போர்டு ஒளிர்ந்தது. 'கிரகணங்கள்' என்று பெரிய எழுத்து, கீழே 'தயாரிப்பு: ச. மாதவராஜ், தலைமை ஆசிரியர்'. மூலையில் சின்னதாக ஒரு கடலை.

அலங்காரம் என்று நினைத்து அதை விட்டுவைத்திருக்கிறார் மனுஷன்! சசிகலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்தியதைப் பானுமதி அம்மா கவனித்தார். "நல்ல ஈடுபாடு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். மாதவராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காவது பக்கம் சூரிய கிரகணம். இடது பக்கம் சூரியன் எரிந்தது, வலது பக்கம் நிலா நின்றது. பூமி மெல்ல உருண்டு வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டது. மாதவராஜ் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே கம்பீரமாக வாசித்தார். "சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில் பூமி வரும்போது சூரிய கிரகணம் ஏற்படுகிறது."

"சொத்தை!"

மூன்றாவது பெஞ்சில் கவிப்பிரியா எழுந்து நின்றிருந்தாள். அடுத்த நொடி வகுப்பே எழுந்தது. "சொத்தை! சொத்தை!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். மிரட்டலாவது ஒன்றாவது, மிட்டாய்க்கு முன்னால் எல்லாம் பறந்துவிட்டது.

மாதவராஜின் முகம் கருத்துப் போயிற்று. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "யாரப் பாத்துடி சொத்தைங்கற? வாத்தியாரப் பேசற பேச்சா இது? உக்காரு!"

"இருங்க," என்றார் பானுமதி அம்மா. "நீ சொல்லும்மா. என்ன சொத்தை?"

"பூமி நடுவுல வந்தா அதோட நெழலு நெலா மேல உழும்ங்க. அது சந்திர கிரகணம். சூரிய கிரகணத்துக்கு நெலாதாங்க நடுவுல வரணும்."

அப்போதாவது ஆமாம், தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். விதி விட்டதா? "சின்னப்புள்ள, அதுக்கு என்னங்க மேடம் தெரியும்? ஸ்கிரீன்ல இருக்கறது தப்பா இருக்குமா?"

"நீங்க பண்ணின ஸ்கிரீன்தானே சார்?"

"ஆமாங்க மேடம். மூணு நாளு ராப்பகலா உக்காந்து பண்ணினது."

"அப்ப அந்த நிலாவக் கொஞ்சம் நடுவுல கொண்டுவந்து வைங்க, பாக்கலாம்."

மாதவராஜ் விரலை வைத்து நிலாவை இழுத்தார். பக்கம் தாவி அடுத்த பக்கம் வந்தது. திரும்ப இழுத்தார், பழைய பக்கத்துக்கு வந்தது. நாலைந்து தடவை இப்படியே நடந்தது. நிலா இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருடைய இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சசிகலா ஒரு அசைவைக்கூட விடாமல் பார்த்தாள். தர்மபுரி மேடையில் அந்தப் பொன்னாடை எவ்வளவு நேரம் தோளில் கிடந்ததோ, அவ்வளவு நேரமாவது இது நடக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கவிப்பிரியாவுக்கே பாவமாகப் போய்விட்டது போல. "கடைசிப் பக்கம் போடுங்க சார்," என்றாள். "அதுல விடை இருக்கும். சசிகலா டீச்சரு எப்பவும் அங்கதான் வெப்பாங்க."

பானுமதி அம்மா பேனாவை மூடினார். "போடுங்க சார்."

கடைசிப் பக்கம் வந்தது. 'நன்றி. ச. மாதவராஜ்' என்று மட்டும் இருந்தது. வேறு ஒரு எழுத்துக்கூட இல்லை.

பானுமதி அம்மா மெல்லத் திரும்பி, "டீச்சர், உங்ககிட்ட இதோட மூலம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மேடம்," என்று சசிகலா தோள்பைக்குள் கையை விட்டாள். லேப்டாப்பைத் தயாராகத்தான் கொண்டுவந்திருந்தாள். உராய்வு பாடத்தின் மூலமும் அதில் இருந்தது. அதையும் சேர்த்தே காட்டினாள். மஞ்சள் பூ வைத்த செருப்பு அன்றைக்கும் அவள் காலில்தான் இருந்தது. பானுமதி அம்மா படத்தைப் பார்த்தார், குனிந்து காலைப் பார்த்தார். குறிப்பேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினார்.

பானுமதி அம்மாவின் ஜீப் போன பிறகு மாதவராஜ் வராந்தாவில் அவளை மறித்தார். "தப்பு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க டீச்சர். இப்படி நாலு பேரு முன்னால..."

"சொன்னேனுங்களே சார். தப்பு எதுன்னு கடைசிப் பக்கத்துல தெளிவா எழுதித்தான் குடுத்தேன். அந்தப் பக்கத்துல எம்பேரும் இருந்துச்சு. நீங்கதான் அழிச்சிட்டீங்க."

சசிகலா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏழாம் வகுப்பில் கவிப்பிரியாவுக்கு ஒரு கடலை மிட்டாய் பாக்கி இருந்தது.